வாலில் விழும் வெளிச்சம்: ஓடுடைய கணுக்காலிகளின் கண்சாரா ஒளியுணர்வு

அறிவின் எண்ணிக்கையைக் கொண்டு உயிர்களை வகுத்துக்காட்டும் தொல்காப்பிய மரபியல், உடம்பால் உற்றறிவதை முதலாவதாகவும், நாவால் சுவைப்பதை இரண்டாவதாகவும், மூக்கால் முகர்வதை மூன்றாவதாகவும், கண்ணால் காண்பதை நான்காவதாகவும் நிறுத்தி, அந்த நான்காம் படிக்கு எடுத்துக்காட்டாக நண்டையும் தும்பியையும் சொல்கிறது. நத்தைக்கும் எறும்புக்கும் மேலே நண்டை உயர்த்துவது அதன் கண்ணே என்பது அந்த வகுப்பின் கருத்து. காம்பின் நுனியில் உயர்ந்து நின்று எப்பக்கமும் நோக்கும் நண்டின் கண்களைக் கரையோரத்தில் பார்த்தவர்கள் செய்த வகுப்பு அது என்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த வகுப்பின் அடியில் மற்றொரு கருத்தும் உள்ளது: ஓர் அறிவுக்கு ஓர் உறுப்பு, ஒளியை அறிவது கண், தொடுகையை அறிவது உடம்பு, ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. தமிழ் இலக்கண நூலார் மட்டுமன்றி, உலகெங்கும் உயிர்களின் புலன்களை ஆராய்ந்தவர்களும் நெடுங்காலம் ஏறத்தாழ இவ்வாறே எண்ணிவந்தனர்.

நண்டின் சுற்றத்தைச் சேர்ந்த உயிர்களை ஆராய்ந்த ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுக்கால உடலியல், இக்கருத்தைத் திருத்தி எழுதியிருக்கிறது. நண்டு, இறால், சிங்கி இறால், கூனி, பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும் கொட்டலசு ஆகிய அனைத்தும் அடங்கிய பெருங்கூட்டத்தை விலங்கியலார் ஓடுடைய கணுக்காலிகள் என்று அழைக்கின்றனர். கணுக்கணுவாக இணைந்த கால்களும், உடலை மூடிய ஓடும், தலையில் இரண்டு இணை உணர்கொம்புகளும் இக்கூட்டத்தின் அடையாளங்கள். இவற்றுட் பல, கண்ணால் மட்டுமன்றி, வாலின் நரம்பாலும், மூளையாலும், தோலின் நிறச்செல்களாலும், சிலபோது தம் உடலின் விளக்குகளாலும் ஒளியை உணர்கின்றன. கண்ணுக்குப் புறம்பான இவ்வுணர்வைக் கண்சாரா ஒளியுணர்வு எனலாம். அதன் இடங்களையும் இயக்கத்தையும் பயனையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

காண்பதும் ஒளியை உணர்வதும்

ஓடுடைய கணுக்காலிகளின் கண்ணைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டு இப்பொருளுக்குள் நுழைவது முறையாகாது. கிரேஃபிஷ் என்னும் நன்னீர்ச் சிங்கி, இந்திய ஆறுகளில் இயல்பாக வாழாதது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா முதலிய பகுதிகளின் ஓடைகளிலும் ஏரிகளிலும் வாழ்வது. அதன் கூட்டுக்கண்ணை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், ஈயின் கண்ணில் காண்பது போன்ற அறுகோணக் கட்டங்கள் தென்படுவதில்லை. சதுரங்கப் பலகை போல ஒழுங்காக அடுக்கிய சதுரக் கட்டங்களே தென்படுகின்றன. ஒவ்வொரு சதுரமும் சுவர்களில் ஆடி பதித்த பெட்டி போன்றது என்பதையும், வில்லையால் ஒளியை வளைப்பதற்கு மாறாக ஆடிகளால் ஒளியைத் திருப்பி ஒரே இடத்தில் குவித்து இக்கண் உருவம் அமைக்கிறது என்பதையும் 1975இல் கிளாஸ் ஃபோக்ட் கிரேஃபிஷிலும், அதற்கு அடுத்த ஆண்டு மைக்கேல் லேண்ட் இறாலிலும் வெளிப்படுத்தினர். மான்டிஸ் இறாலின் கண்ணிலோ நிறங்களைப் பிரித்தறிவதற்கு மட்டும் 12 வகை ஒளியுணர்விகள் உள்ளன. மனிதக் கண்ணில் அவை மூன்றே. இத்தகைய நுண்ணிய கண் வாய்த்த உயிர்களுக்கு ஒளியை அறிய வேறு வழியும் ஏன் வேண்டும் என்பதே இங்கு எழும் முதல் வினா.

விடை, காண்பதற்கும் ஒளியை உணர்வதற்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. காண்பதற்கு உருவம் வேண்டும். உருவத்துக்கு, எந்தத் திசையிலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்ளும் பல நூறு உணர்விகளும், ஒளியைக் குவிக்கும் அமைப்பும், அக்குறிப்புகளை ஒன்றுசேர்க்கும் நரம்பு வலையும் வேண்டும். ஒளி உண்டா இல்லையா என்று மட்டும் அறிவதற்கு இவற்றுள் எதுவும் வேண்டியதில்லை. ஒளியை ஏற்கும் ஒரு மூலக்கூறும், அந்த ஏற்பை மின்குறிப்பாக மாற்றும் ஒரு செல்லும் போதும். அந்த மூலக்கூறு ஆப்சின் என்னும் புரதமும், அதற்குள் பொதிந்திருக்கும் ரெட்டினால் என்னும் வைட்டமின் ஏ வழிப்பொருளும் சேர்ந்தது. வளைந்த நிலையில் இருக்கும் ரெட்டினால் ஒளித்துகள் பட்டதும் நிமிர்கிறது. அது நிமிரும்போது தன்னைச் சூழ்ந்த ஆப்சினின் வடிவத்தை மாற்றுகிறது. அம்மாற்றம் செல்லுக்குள் ஒரு வேதிச்சங்கிலியைத் தொடங்கிவைக்க, செல்லுறையின் வாயில்கள் திறந்து மின்னோட்டம் பிறக்கிறது. கண்ணுக்குள் நிகழும் பார்வையும் இதிலிருந்தே தொடங்குகிறது. எனினும் இம்மூலக்கூறு கண்ணுக்குள்தான் இருக்கவேண்டும் என்ற விதி இயற்கையில் இல்லை.

ஒரு நீர்வாழ் உயிருக்கு ஒளி சொல்லும் செய்திகளை எண்ணிப்பார்த்தால் இவ்வேறுபாடு இன்னும் தெளிவாகும். இப்போது பகலா இரவா, நீரில் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, தலைக்கு மேல் ஏதேனும் நிழல் விழுந்ததா, உடல் முழுவதும் மறைவிடத்துக்குள் வந்துவிட்டதா என்னும் வினாக்கள் எவற்றுக்கும் உருவம் தேவையில்லை. இரை எது, பகை எது, இணை எங்கே என்னும் வினாக்களுக்கே உருவம் தேவை. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான்-எரிக் நீல்சன், ஒளியைக் கொண்டு உயிர்கள் செய்யும் வேலைகளை, திசையறியாமல் ஒளியின் அளவை மட்டும் அறிவது தொடங்கி, கூர்மையான உருவம் காண்பது வரை நான்கு படிகளாக வகுத்திருக்கிறார். கீழ்ப்படியின் வேலைகள் மேற்படி வந்ததும் மறைந்துவிடுவதில்லை என்பதும், கூர்ங்கண் பெற்ற உயிரிடத்திலும் அவை தமக்குரிய இடங்களில் தொடர்கின்றன என்பதும் கிரேஃபிஷின் வாலைப் பார்த்தால் விளங்கும்.

ஆறாம் நரம்புத்திரள்

ஓடுடைய கணுக்காலிகளின் நரம்பு நாண், முதுகெலும்பிகளுக்கு இருப்பது போல முதுகுப்புறத்தில் இல்லாமல், அடிவயிற்றின் பக்கமாக ஓடுகிறது. கிரேஃபிஷின் வயிற்றுப்பகுதி, அதாவது பேச்சுவழக்கில் வால் என்று சொல்லப்படும் சதைப்பற்றான பகுதி, ஆறு கணுக்களாலானது. ஒவ்வொரு கணுவிலும் நரம்பு நாண் ஒரு முடிச்சுப் போலப் பருத்திருக்கும். நரம்பணுக்கள் செறிந்த இம்முடிச்சே நரம்புத்திரள் எனப்படும். கடைசியான ஆறாம் நரம்புத்திரள், விசிறி போல விரியும் வால் மடல்களுக்குச் சற்று முன்னே, அடிப்புறத்தின் மெல்லிய ஓட்டுக்கு உட்புறமாக அமைந்திருக்கிறது. ஒளி எளிதில் ஊடுருவக்கூடிய இடம் அது.

இந்த ஆறாம் திரள் ஒளிக்கு நேரடியாகப் பதில் தருகிறது என்பதை 1934இல் லேட் பிராசர் என்னும் அமெரிக்க உடலியலாளர் கண்டறிந்தார். நரம்பு நாணின் மீது மின்முனைகளை வைத்து அதில் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவுசெய்துகொண்டிருந்த அவர், ஆறாம் திரளின் மீது ஒளி விழும்போது துடிப்புகள் பெருகுவதைக் குறித்தார். அதே ஆண்டில் ஹார்வர்டைச் சேர்ந்த ஜான் வெல்ஷ், வாலில் ஒளி பாய்ச்சினால் கிரேஃபிஷ் கால்களை அசைத்து நகரத் தொடங்குகிறது என்பதை நடத்தை வழியாக நிறுவினார். ஒருபுறம் நரம்பின் மின்பதிவும் மறுபுறம் விலங்கின் நடத்தையும் ஒரே ஆண்டில் ஒரே இடத்தைச் சுட்டியமையால், வால் ஒளியுணர்வி என்னும் பெயர் நிலைபெற்றது.

அதற்குப் பின் கால் நூற்றாண்டு கழித்து, பிற்காலத்தில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக விளங்கிய டோனால்டு கென்னடி, இவ்வுணர்வின் உரிமையாளரைத் தேடிக் கண்டார். ஆறாம் திரளில் உள்ள நூற்றுக்கணக்கான நரம்பணுக்களுள் ஒளிக்கு இவ்வாறு பதில் தருபவை இரண்டே. பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த ஓர் இணை. அவற்றின் நீண்ட இழைகள் ஆறாம் திரளிலிருந்து புறப்பட்டு, நரம்பு நாண் நெடுக ஏறி மூளை வரை செல்கின்றன. முழு இருளிலும் அவை ஓய்ந்திருப்பதில்லை. மெதுவான துடிப்பொன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஒளி விழுந்ததும் உடனே அத்துடிப்பு விரைவதில்லை. மங்கிய ஒளியில் நெடுநேரமும் வலிய ஒளியில் குறைந்த நேரமும் ஆக, ஏறத்தாழ ஒரு நொடி அளவிலான தாமதத்துக்குப் பிறகே துடிப்புகள் நெருங்கத் தொடங்கி, ஒளி நிற்கும்வரை நீடித்து, ஒளி அணைந்த பிறகும் சற்றுநேரம் தொடர்ந்து, பின்பு மெல்லத் தணிகின்றன. நொடியின் சிறு பங்குக்குள் மாற்றத்தைக் குறித்துக்கொள்ளும் கண்ணோடு ஒப்பிட்டால் இது மிகவும் மெதுவானது. ஆனால் தன்மேல் படும் வெளிச்சம் நிலையானதா என்று மட்டும் அறிய விரும்பும் உணர்விக்கு வேகம் வேண்டியதில்லை; ஓடையின் மேற்பரப்பில் அலைகள் ஆடும்போது நீருக்குள் நடுங்கும் ஒளிக்கீற்றுகளைப் பொருட்படுத்தாமல், மொத்த வெளிச்சத்தின் அளவை மட்டும் எடுத்துக்கொள்வதற்கு இந்த நிதானம் ஏற்றதுமாகும்.

இந்நரம்பணுக்கள் எந்த நிறத்துக்கு அதிகம் பதில் தருகின்றன என்பதையும் கென்னடியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1960களின் தொடக்கத்தில் அளந்தனர். சுமார் 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளியே இவற்றை மிகுதியாகத் தூண்டியது. கண்ணின் உச்ச உணர்திறன் இதைவிட நீண்ட அலைநீளங்களின் பக்கம் சாய்ந்திருப்பதால், வாலும் கண்ணும் ஒரே ஒளியை ஒரே அளவில் எடைபோடுவதில்லை என்பது அப்போதே தெளிவாயிற்று. 2015இல் அலெக்சாண்டிரா கிங்ஸ்டனும் தாமஸ் குரோனினும் சிவப்புச் சதுப்புநிலக் கிரேஃபிஷை ஆராய்ந்து, அதன் கண்ணில் உள்ள குறுகிய அலைநீள ஆப்சினும் நீண்ட அலைநீள ஆப்சினும் ஆகிய இரண்டுமே அதன் நடு நரம்பு மண்டலம் முழுவதிலும் இருப்பதைக் காட்டினர். ஒளியை ஏற்கும் கருவி ஆறாம் திரளோடு நின்றுவிடவில்லை. நரம்பு நாணின் நெடுகிலும் பரவியிருக்கிறது.

ஒரு நரம்பணு, இரண்டு அறிவு

வால் ஒளியுணர்வியின் மிக வியப்பான தன்மை, அது ஒளியுணர்வி மட்டும் அன்று என்பதில்தான் இருக்கிறது. வால் மடல்களின் விளிம்பிலும் பரப்பிலும் நுண்ணிய உணர்மயிர்கள் நிறைந்துள்ளன. நீர் அசைந்தால் அவை சாய்கின்றன. சாய்வு அவற்றின் அடியிலுள்ள உணர்வு நரம்பைத் தூண்டுகிறது. அத்தூண்டல் ஆறாம் திரளுக்குள் வந்து, அங்குள்ள பல இடைநரம்பணுக்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. பிறரிடமிருந்து செய்தி வாங்கி மேலிடத்துக்குக் கொண்டுசெல்லும் நரம்பணுவே இடைநரம்பணு. அவ்வாறு தொடுகைச் செய்தியை வாங்கி மேலே அனுப்பும் இடைநரம்பணுக்களுள் அந்த ஒளியுணர் இணையும் அடங்கும். ஒரே செல், தன்மேல் விழும் ஒளியைத் தானே நேரில் உணர்கிறது. வாலைத் தொடும் நீரின் அசைவைப் பிறர் சொல்லக் கேட்கிறது. இரண்டையும் ஒரே இழையில், ஒரே வகைத் துடிப்புகளாக, மூளைக்கு அனுப்புகிறது. மரபியல் வகுப்பின்படி முதலாம் அறிவும் நான்காம் அறிவும், நடுவில் இரண்டு படிகள் இருந்தும், இங்கே ஒரு செல்லுக்குள் கைகோத்து நிற்கின்றன.

இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இருக்கும் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். ஆய்வு அதற்கு மாறாகக் காட்டியது. 1993இல் ஜான் டக்ளஸ், லான் வில்கென்ஸ், ஃபிராங்க் மாஸ் முதலியோர், கிரேஃபிஷின் வால் உணர்மயிர்களில், மிக மெல்லிய நீரசைவோடு ஓரளவு ஒழுங்கற்ற இரைச்சலும் கலந்து வரும்போது, அம்மெல்லிய அசைவு முன்னிலும் தெளிவாக உணரப்படுகிறது என்று நிறுவினர். தனியே வாசலைத் தாண்ட வலிமையில்லாத ஒரு குறிப்பை, இரைச்சலின் சிறு உந்துதல் அவ்வப்போது தாண்டவைத்துவிடுகிறது என்பது இதன் விளக்கம். அதே குழுவினர் 1996இல், ஒளி விழும்போது இந்த இடைநரம்பணு நீரசைவைப் பற்றி அனுப்பும் செய்தியின் தெளிவு கூடுகிறது என்றும் கண்டனர். இரவில் நடமாடும் இவ்வுயிர் வெளிச்சத்தில் அகப்பட்டுக்கொண்டால், கண்ணுக்கு எட்டாத பின்புறத்தில் நீர் அசைகிறதா என்பதை மேலும் கூர்ந்து கவனிக்கவேண்டிய நேரம் அதுவே. ஒளி ஒரு தனிச் செய்தியாக இருப்பதோடு, தொடுகையின் செவியைக் கூர்மையாக்கும் கட்டளையாகவும் செயல்படுகிறது எனலாம்.

நடத்தையில் இதன் பயன் எளிதில் காணக்கூடியது. 1984இலும் 1990இலும் வெளிவந்த ஆய்வுகளில் டோனால்டு எட்வர்ட்ஸும் அவருடன் சைமனும், கிரேஃபிஷின் வயிற்றுப்பகுதியில் மட்டும் ஒளி பாய்ச்சியபோது, அது வாலை மெல்ல உள்மடக்கிக்கொண்டு பின்னோக்கி நடக்கிறது என்று பதிவுசெய்தனர். விடியலுக்குச் சற்றுமுன் இரை தேடி முடித்து வளைக்கோ கல்லிடுக்குக்கோ திரும்பும் ஒரு கிரேஃபிஷை இங்கே மனத்தில் கொள்ளலாம். பகையை எதிர்கொள்ளக் கொடுக்குகளும் கண்களும் வாசலை நோக்கி இருக்கவேண்டியிருப்பதால், அது பின்புறமாகவே உள்ளே நுழைகிறது. அந்நிலையில் கண்கள் வெளியையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. வால் நிழலுக்குள் வந்துவிட்டதா இன்னும் வெளிச்சத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை அவற்றால் சொல்ல இயலாது. அதைச் சொல்வது வாலின் அந்த இரண்டு நரம்பணுக்கள். வாலில் வெளிச்சம் பட்டுக்கொண்டிருக்கும்வரை பின்னோக்கிய நடை தூண்டப்படுகிறது. வால் இருளுக்குள் சென்றதும் அந்தத் தூண்டல் தணிகிறது. மறைந்துவிட்டோம் என்னும் அறிவை மறையவேண்டிய உறுப்பிடமே இயற்கை ஒப்படைத்திருக்கிறது.

மூளைக்குள் புகும் பகல்

வாலுக்கு அடுத்தபடியாகக் கண்சாரா ஒளியுணர்வு உறுதியாக நிறுவப்பட்ட இடம் மூளை. உயிர்களின் உறக்கமும் விழிப்பும், உணவு தேடலும் ஒதுங்கலும் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் நிகழ்கின்றன. அச்சுழற்சியை நடத்தும் உள்ளமைப்பை உயிர்க்கடிகாரம் என்கிறோம். வெளிக்குறிப்புகள் எவையும் இல்லாதபோதும் அது தானே ஓடும். சென்னைக் கடற்கரையில் அலையடிக்கும் மணலுக்குள் புதைந்து வாழும் எமெரிட்டா என்னும் சிறு நண்டினத்தை ஆராய்ந்த எம். கே. சந்திரசேகரன், ஆய்வகத்தின் மாறாத சூழலில் வைத்தபோதும் அதன் நடமாட்டமும் மூச்சும் ஓதத்தின் ஏற்றவற்றத்தையும் நாளின் சுழற்சியையும் பின்பற்றியே தொடர்கின்றன என்று 1965இல் வெளியிட்டது, இத்துறையின் தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று. மதுரையில் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்தவரும் அவரே. தானே ஓடும் கடிகாரமாயினும், நாள்தோறும் சிறிது பிந்துவதையோ முந்துவதையோ திருத்திக்கொள்ள அதற்கு ஒரு குறிப்பு வேண்டும். பெரும்பாலான உயிர்களுக்கு அக்குறிப்பு ஒளியே.

அந்த ஒளி எவ்வழியாகக் கடிகாரத்தை அடைகிறது என்னும் வினாவை டெரி பேஜும் ஜேம்ஸ் லாரிமரும் 1972இல் கிரேஃபிஷிடம் கேட்டனர். கண்களின் வழியையும் வால் ஒளியுணர்வியின் வழியையும் நீக்கிய பின்பும், கிரேஃபிஷின் நடமாட்டச் சுழற்சி புதிய பகலிரவு ஒழுங்குக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது; ஆகவே ஒளியை ஏற்கும் மூன்றாவது இடமொன்று மூளையிலேயே இருக்கவேண்டும் என்பது அவர்களின் முடிவு. 1990இல் ஆஸ்திரேலியாவின் செராக்ஸ் கிரேஃபிஷை ஆராய்ந்த சாண்டெமன் இணையரும் டி கூவேயும் மூளையின் முன்விளிம்பில் அத்தகைய ஒளியுணர் செல்களையே இனங்கண்டனர். 2018இல், உலகின் மிக நுண்ணிய கண்களுள் ஒன்றைப் பெற்ற மான்டிஸ் இறாலிலும் மூளை ஒளியுணர்வு இருப்பது வெளியானது. பன்னிரு வகை நிற உணர்விகள் இருந்தும் மூளை தனக்கென்று ஒரு சாளரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது என்பது, கண்சாரா ஒளியுணர்வு கண்ணின் குறையை ஈடுசெய்ய வந்ததன்று என்பதற்குத் தக்க சான்றாகும்.

இத்தகைய சோதனைகளில் நுட்பமான ஓர் இடர்ப்பாடு உண்டு. கண் இல்லாமல் விலங்கு ஒளியை உணர்கிறதா என்று அறியக் கண்காம்பை வெட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் கண்காம்பு கண்ணைத் தாங்கும் தண்டு மட்டும் அன்று. தோலுரித்தல், இனப்பெருக்கம், நிறமாற்றம் ஆகியவற்றை ஆளும் ஹார்மோன்களை உண்டாக்கிச் சேமிக்கும் சுரப்பு மையமும் அதுவே. கண்காம்பை நீக்கினால் இறாலின் சினைப்பை விரைந்து முதிர்கிறது என்று 1943இல் பனூஸ் கண்டறிந்ததும், அதையே பின்பற்றி இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கும் வழக்கம் பரவியதும் இதனால்தான். எனவே கண்காம்பை இழந்த விலங்கு வேறுவிதமாக நடந்துகொண்டால், அது ஒளி தெரியாததாலா, ஹார்மோன் குறைந்ததாலா என்று பிரித்துச் சொல்ல இயலாது. கவனமுள்ள ஆய்வாளர்கள் கண்ணை வெட்டாமல் ஒளிபுகாப் பூச்சால் மூடி ஆராய்வதற்கு இது ஒரு காரணம். விலங்குக்குத் தேவையற்ற ஊறு செய்யாதிருப்பது அதனினும் பெரிய காரணம்.

தோலின் நிறமும் உடலின் விளக்கும்

சேற்றுக் கரைகளில் ஒற்றைப் பெருங்கொடுக்கை அசைத்து நிற்கும் ஃபிட்லர் நண்டின் உடல், பகலில் கருத்தும் இரவில் வெளிறியும் காணப்படும். அதன் தோலில் உள்ள நிறத்தாங்கிச் செல்களுக்குள் கரும்பொடி போன்ற நிறமித்துகள்கள் உள்ளன. அவை செல்லின் கிளைகளெங்கும் பரவும்போது உடல் கருக்கிறது. நடுவில் ஒடுங்கும்போது வெளிறுகிறது. ஃபிராங்க் பிரவுனும் மார்கரீட் வெப்பும் 1948இல் காட்டியபடி, இம்மாற்றம் இடைவிடாத இருளிலும் நாட்சுழற்சியோடு தொடர்கிறது. அதை நடத்துபவை கண்காம்பின் ஹார்மோன்கள். ஆயினும் அவற்றின் கட்டளைக்குக் காத்திராமல், செல்லே ஒளியை நேரில் உணர்ந்து நிறமியைப் பரப்பவும் செய்கிறது. உடலிலிருந்து பிரித்த காலில்கூட, கண்ணோ மூளையோ தொடர்பில் இல்லாத நிலையில், ஒளி பட்டதும் நிறமி விரிவதை ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஒளியை உணர்வதும் அதற்குப் பதில் செய்வதும் நரம்பின் துணையின்றி ஒரே செல்லுக்குள் முடிந்துவிடும் எளிய வடிவம் இது.

இதற்கு நேரெதிரான சிக்கலான வடிவம் ஆழ்கடல் இறால்களிடம் உள்ளது. நடுக்கடலில், சூரிய ஒளி மங்கி மேலிருந்து மட்டும் மெல்ல வடியும் ஆழங்களில், கீழிருந்து மேல்நோக்கும் பகைக்கு எந்த உடலும் நிழலாகத் தெரிந்துவிடும். அந்நிழலை அழிக்கச் சில இறால்கள் வயிற்றுப்புறத்தில் ஒளியுறுப்புகளைப் பெற்றுள்ளன. மேலிருந்து வரும் ஒளிக்குச் சமமான ஒளியைத் தாம் கீழே உமிழ்ந்து தம் உருவத்தைக் கரைத்துவிடுகின்றன. இதற்கு, தான் உமிழும் ஒளியின் அளவும் வேண்டிய அளவும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்துக்கொள்ளவேண்டும். 2020இல் ஹெதர் பிராக்கன்-கிரிஸம், டேனியல் டிலியோ முதலியோர், ஜானிசெல்லா என்னும் ஆழ்கடல் இறாலின் ஒளியுறுப்புகளிலேயே ஆப்சின்களும் ஒளியைக் குறிப்பாக மாற்றும் வேதிச்சங்கிலியின் உறுப்புகளும் இருப்பதையும், ஒளி பட்டபோது அவ்வுறுப்புகளின் நுண்ணமைப்பு மாறுவதையும் வெளியிட்டனர். விளக்கே தன் வெளிச்சத்தை அளக்கக்கூடும் என்னும் இக்கருத்து முழுமையாக நிறுவப்பட மேலும் ஆய்வு வேண்டும். ஆனால் உமிழும் உறுப்பும் உணரும் உறுப்பும் ஒன்றாக இருக்க இயலும் என்பதற்கு அது வழிகாட்டியிருக்கிறது.

சான்றின் எல்லை

ஆப்சின் இருக்கும் இடமெல்லாம் ஒளியுணர்வு உண்டு என்று முடிவுகட்டிவிடுவது தவறு. பழ ஈயிடம் ஆப்சின்கள் வெப்பத்தை உணரவும் ஒலியைக் கேட்கவும் துணைசெய்கின்றன என்று 2011, 2012ஆம் ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே ஓரிடத்தில் கண்சாரா ஒளியுணர்வு உண்டு என்று உறுதியாகச் சொல்ல மூன்று சான்றுகள் ஒன்றுசேரவேண்டும்: ஒளியை ஏற்கும் மூலக்கூறு அங்கே இருக்கவேண்டும், அந்தச் செல் ஒளிக்கு மின்பதிலோ உருமாற்றமோ தரவேண்டும், கண் மறைக்கப்பட்ட நிலையிலும் விலங்கின் நடத்தையோ உடலியக்கமோ அவ்வொளிக்கு ஏற்ப மாறவேண்டும். கிரேஃபிஷின் ஆறாம் திரள் இம்மூன்றிலும் தேறியது. அதே விலங்கின் நரம்பு நாணில் ஆப்சின் காணப்படும் பிற திரள்கள் இன்னும் முதற்சான்றோடே நிற்கின்றன.

கண் எது, கண் அல்லாதது எது என்னும் எல்லையும் எப்போதும் கூர்மையானதன்று. அட்லாண்டிக் நடுமுகட்டில் சுமார் 3,600 மீட்டர் ஆழத்தில், கொதிநீர் பீறிடும் கடலடி ஊற்றுகளைச் சூழ்ந்து வாழும் ரிமிகாரிஸ் என்னும் இறாலுக்கு, 1986இல் பெயரிட்டவர்கள் கண்ணற்றது என்றே பெயரிட்டனர். சிண்டி லீ வான் டோவர் அதன் முதுகில் ஒளியைத் திருப்பும் இரண்டு பட்டைகள் இருப்பதைக் கவனித்து, 1989இல் உடனாய்வாளர்களோடு சேர்ந்து, அவை சுமார் 500 நானோமீட்டர் ஒளியை ஏற்கும் நிறமி செறிந்த, வில்லை இழந்து இடம்பெயர்ந்த கண்கள் என்று நிறுவினார். உருவத்தைக் கைவிட்டு, ஊற்றின் மிக மங்கிய ஒளியைச் சேகரிப்பதையே வேலையாகக் கொண்ட கண் அது. இதற்கு மறுபக்கமாக, 1966இல் லாரிமரும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்த குகைவாழ் கிரேஃபிஷ்களில், கண்கள் பயனற்றுச் சுருங்கிய பின்பும் வால் ஒளியுணர்வி செயல்பட்டுக்கொண்டிருந்தது. நிலையான இருளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உயிர் கண்ணை விட்டுவிட்டு வாலின் ஒளியுணர்வை வைத்திருக்கிறது. அந்நரம்பணு தொடுகைக்கும் தூதாக இருப்பதால் அழியாமல் நின்றிருக்கலாம். குகைவாயிலின் வெளிச்சத்தை விட்டு விலக இன்னும் பயன்படுவதாலும் நின்றிருக்கலாம்.

முடிபு

இவ்வுரையில் கூறியவற்றைத் தொகுத்தால், ஒளி என்பது ஓடுடைய கணுக்காலிகளுக்கு ஒற்றைச் செய்தி அன்று என்பது விளங்கும். என்ன, எங்கே என்னும் வினாக்களைக் கண் ஏற்றுக்கொள்கிறது. எப்போது என்னும் வினாவை மூளை ஏற்றுக்கொள்கிறது. மறைந்தாயிற்றா என்பதை வாலும், எவ்வளவு கருக்கவேண்டும் என்பதைத் தோலும், எவ்வளவு ஒளிரவேண்டும் என்பதை ஒருவேளை விளக்குறுப்பும் ஏற்றுக்கொள்கின்றன. இந்தப் பங்கீடு நண்டினத்துக்கு மட்டும் உரியதும் அன்று. மனிதக் கண்ணின் விழித்திரையிலும் உருவம் காண்பதில் முதன்மையான பங்கில்லாமல், பகலிரவை உடலின் கடிகாரத்துக்கு அறிவிக்கும் செல்கள் உள்ளன. அவற்றின் நிறமியான மெலனாப்சின் 1998இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது தவளைத் தோலின் நிறச்செல்களில். அதன் அமைப்பு முதுகெலும்பிகளின் பார்வை ஆப்சின்களைவிட முதுகெலும்பற்றவற்றின் ஆப்சின்களையே அதிகம் ஒத்திருக்கிறது. கிரேஃபிஷின் வாலில் தொடங்கும் இவ்வாராய்ச்சி மனிதனின் உறக்கம் வரை வந்து சேர்வது இவ்வழியேதான்.

இவ்வறிவு ஒரு பொறுப்பையும் உடன் கொண்டுவருகிறது. கடலடி ஊற்றுகளை ஆராயச் சென்ற நீர்மூழ்கிகளின் விளக்குகள் ரிமிகாரிஸ் இறாலின் மென்மையான ஒளியுணர் பட்டைகளை மீளாதபடி சிதைத்துவிடுகின்றன என்று 1999இல் பீட்டர் ஹெரிங் முதலியோர் எழுதியது, அறிய விரும்பியவர்களின் வெளிச்சமே அறியப்பட்டதைக் கெடுத்த வரலாறு. துறைமுகங்களிலும் கடற்கரைச் சாலைகளிலும் இரவு முழுவதும் எரியும் விளக்குகளைப் பற்றி எண்ணும்போது, கடல்வாழ் உயிர்களின் கண்ணில் அவை எவ்வளவு படுகின்றன என்று மட்டும் கணக்கிடுவது போதாது. ஓடுடைய கணுக்காலிகளுக்கு இமையில்லை. இமை இருந்தாலும் அது வாலையும் மூளையையும் தோலையும் மூடாது. அவற்றுக்கு இருளைத் தரக்கூடியது இரவு ஒன்றே. நண்டின் நான்காம் அறிவு கண்ணோடு முடிந்துவிடவில்லை என்று அறிந்த தலைமுறை, அந்த இரவை அவற்றுக்கு விட்டுவைக்கக் கடமைப்பட்டிருக்கிறது.